பாலத்தின் மேல் நாற்பது பேர்

டிவிடியாக மட்டும் வரப்போகும் ஒரு கார்ட்டூன் படத்துக்காக மாவீரன் ஒருவனைப் பென்சில் வரைந்துகொண்டிருந்தது.

"தியேட்டருக்கே போகாத படத்துக்கு இவ்வளவு செலவா?" என்று கால்குலேட்டர் சிடுசிடுத்தது. "இடியும் பாலத்தின் மேல் நாற்பது பேர் எதற்கு? ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனி ஓவியம் வேண்டுமே! ஐந்து பேர் போதும்."

பென்சிலுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் அழிரப்பரைக் கூப்பிட்டது.

அதற்குள் தாளில் இருந்த மாவீரன் வாய் திறந்தான்: "மீதிப் பேரை எப்படி விட்டுவிட்டுப் போவேன்? நான் பறப்பது, சண்டை போடுவது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எனக்கு ஒரே ஒரு ஓவியம் போதும்."

கால்குலேட்டர் கூட்டிக் கழித்துப் பார்த்து, "கட்டுப்படியாகும்" என்றது.

படத்தில் மாவீரன் அசையவே இல்லை. பாலத்தைத் தோளில் தாங்கி நின்றான். நாற்பது பேரையும் ஒவ்வோர் அடியாக வரைந்து, நடக்கவைத்துக் கரைசேர்த்தபோது, பென்சில் கட்டைவிரல் நீளம்தான் மிச்சமிருந்தது.