தீட்டுத் தண்ணீர்

முழுகி எழுந்த தீர்த்தம்மாளின் வெள்ளைச் சேலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும்போதே, கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்கும் கவலை மாடுகளைப் பூட்டிவிட்டார்கள்.

"இறைங்கடா! அடித்தரை தெரியற வரைக்கும் இறைங்க!" மாதப்ப கவுண்டரின் குரல் ஊருக்கே கேட்டது. "தீட்டுத் தண்ணி. ஒரு சொட்டு என் வயலுக்குள்ள போவக் கூடாது. கீழ்வாய்க்கால்ல திருப்பி வுடு!"

சுற்றி நின்ற ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் சிரித்தார்.

"என்ன தீர்த்தம்மா, புது மனுஷி ஆயிட்டியாமே! நாளைக்குச் சாணி அள்ள வருவியா, இல்ல தொரை வூட்டம்மா ஆயிடுவியா?"

கிணற்றுப் படியில் நின்றவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சற்று முன்புதான் உபதேசியார் அவள் தலையைத் தாங்கி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பேரால் தண்ணீருக்குள் சாய்த்து எடுத்திருந்தார். பழைய மனுஷி புதைந்தாள், புது மனுஷி எழுந்தாள் என்று சபையார் பாடிய பாட்டு இன்னும் முடியவில்லை.

மொரப்பூருக்குக் கிழக்கே அந்த மண்சுவர் வேதக்கோயில் எழும்பி ஏழெட்டு வருஷம் இருக்கும். நெற்றியில் தெளிக்கிற சபையாக இருந்தால் ஒரு செம்புத் தண்ணீர் போதும். இது பாப்டிஸ்டு சபை. ஆள் முழுசாக மூழ்கியாக வேண்டும். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷமோ மழை பொய்த்து, ஆறு வெறும் மணலாகக் கிடந்தது.

ஊற்று வற்றாத கிணறு கவுண்டருடையது ஒன்றுதான். உபதேசியார் போய்க் கேட்டார். ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டே கவுண்டர் சொன்னார்: "முழுகிட்டுப் போங்க. ஆனா அடுத்த நிமிஷமே கெணத்தை மொத்தமா இறைச்சுக் கொட்டிருவேன்."

உபதேசியார் கைகூப்பிச் சம்மதித்துவிட்டு வந்தார்.

"அந்தக் கையை என்னத்துக்குங்க கூப்புனீங்க?" தீர்த்தம்மாள் இப்போது அவரிடம் பாய்ந்தாள். "போன மாசம் அவரு நாயி இதே கெணத்துல வுழுந்து செத்துச்சு. இறைச்சாரா? தண்ணி மொள்ற அந்தத் தோல்பறி என் வூட்டுக்காரரு தச்சது. அதுல மொண்டா தீட்டில்லை, நான் முழுகினா தீட்டுங்களா?"

"மெதுவாப் பேசும்மா. இன்னிக்கு ஒரு நாளாச்சும் கோவம் வேணாம்."

"இன்னிக்குத்தாங்க வேணும்! கோவப்படத் தெரியாம இருந்தவ பழைய மனுஷி. அவளைத்தான் பொதைச்சிட்டீங்களே!"



கீழ்வாய்க்கால் போய்ச் சேரும் இடத்தில்தான் அவள் சனத்துக்கு நிலம் இருந்தது. முதல் துண்டு தீர்த்தம்மாளுடையது. அதில் ராகி, கதிர் தள்ள முடியாமல் சுருண்டு நின்றது. அது போனால் வருஷம் பூரா களிக்கு வழியில்லை. பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மலைத் தோட்டத்துக்குக் கூலி வேலை தேடி ரயிலேற வேண்டியதுதான்.

ஈரச் சேலையோடு ஓடினாள். மண்வெட்டியை எடுத்தாள். நுரைத்துக்கொண்டு வந்த தண்ணீருக்கு முன்னால் மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்தாள்.

பக்கத்துத் துண்டுக்கார மாதம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி! பயிரு உசுரை வுடுது, தேடி வர்ற தண்ணிய அடைக்கறியே!"

"அவங்க கழிச்சுப் போட்ட தண்ணி, அக்கா. அதைக் குடிச்சு வெளையற ராகி என் புள்ளைங்க தொண்டையில எறங்காது."

"யாரு கழிச்ச தண்ணின்னு ராகிக்குத் தெரியுமாடி?"

"எனக்குத் தெரியுதே!"

மண்வெட்டியைப் பிடுங்க வந்தவளையும் தள்ளிவிட்டாள். தண்ணீர் தேங்கிக் கரை வழிந்து, வண்டித்தடத்தில் வீணாக ஓடத் தொடங்கியது. மாதம்மாள் அழுதுகொண்டே ஆட்களைக் கூப்பிடப் போனாள்.

அவள் ஆட்களோடு திரும்புவதற்குள் கவுண்டர் வந்துவிட்டார். தனியாக. அந்தப் பக்கத்து வரப்பில் அவர் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை.

"மடையை அடைச்சது யாரு?"

"நாந்தான்." வழக்கமாகச் சேர்க்கும் 'சாமி'யை அவள் சேர்க்கவில்லை. "உங்க தீட்டை நீங்களே வெச்சுக்கங்க."

கவுண்டர் திரும்பிக் கிணற்று மேட்டைப் பார்த்தார். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீருக்குள்ளேயே இறங்கினார். அவள் வெட்டிப் போட்ட மண்ணைக் காலால் எற்றித் தள்ளினார். மடை திறந்துகொண்டது. வெடித்துக் கிடந்த நிலம் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

தீர்த்தம்மாள் மண்வெட்டியைத் தூக்கிய கையோடு நின்றாள்.

"உங்க பயிருக்கு ஒரு நாள் தண்ணி குடுக்கறேன்னு ஊர்க்கூட்டத்துல வாயெடுத்தேன்." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "என் அண்ணந்தம்பிங்களே என்னைத் தள்ளி வெச்சிருவோம்னாங்க. குடுத்தாத்தான் குத்தம், தீர்த்தம்மா. கொட்டினா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அவள் கோபம் தணியவில்லை. அந்த ஒரு மனிதரைத் தாண்டி ஊர் முழுக்கப் பரவியது. மண்வெட்டி மட்டும் மெல்லக் கீழே இறங்கியது.

கவுண்டர் செருப்பை மாட்டிக்கொண்டு பயிரை ஒரு பார்வை பார்த்தார்.

"கதிரு பால் புடிக்கறப்ப இன்னொரு தண்ணி கேக்கும். அதுக்குள்ள முழுகறதுக்கு வேற ஆளைத் தேடி வெக்கச் சொல்லு, உங்க உபதேசியாரை!"