இம்மி பிசகாத நிறம்

கியுசிக் பிறவியிலேயே நிறக்குருடு. ஆனாலும் அந்தக் கொரியத் தீவில் முப்பது வருஷமாக அவர்தான் போட்டோகிராபர். படத்தில் வெள்ளையாக இருக்கும் ஓர் இடத்தைக் கம்ப்யூட்டரில் தொட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களையும் சமமாக்குவார். மற்ற நிறங்கள் தாமாகச் சரியாகிவிடும். கண்ணை அவர் நம்பியதே இல்லை.

மனைவி மால்சுன் காய்ச்சலில் படுத்த அன்றே புயல் வந்து படகு நின்றது. கடலுக்கு அக்கரையில் மொக்போ நகரில் டாக்டராக இருந்த மகள் நாயோங் மூன்றாம் நாள் போன் செய்தாள்.

"அம்மா முகத்தைக் கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா. நிறத்தைப் பாக்கணும்."

"என் படத்துல நிறம் இம்மி பிசகாதும்மா."

படம் போய்ச் சேர்ந்தது.

"முகம் நல்லாத்தான் இருக்கு. பயப்படாதீங்க. காய்ச்சல் மாத்திரையை மட்டும் விடாம குடுங்க."

வேளை தவறாமல் கொடுத்தார்.

ஆறாம் நாள் படகு ஓடியது. ஓடி வந்த நாயோங் அம்மாவின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். மால்சுனுக்கு மகளை அடையாளம் தெரியவில்லை.

"உடம்பெல்லாம் மஞ்சளாப் பூத்துக் கெடக்குப்பா! காமாலைன்னு தெரியாம நான் சொன்ன மாத்திரையே ஈரலைத் தின்னுடுச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது. படத்துல இந்த மஞ்சளே இல்லையே, ஏன்?"

"எண்ணெல்லாம் சரியாத்தானேம்மா வச்சேன்?"

"எந்த இடத்தைத் தொட்டு வெள்ளைன்னு வச்சீங்க?"

கியுசிக் மனைவியைக் குனிந்து பார்த்தார். அவருக்கு அவள் எப்போதும்போலத்தான் இருந்தாள்.

"படத்துல அவ முகம் மட்டும்தானே இருந்துச்சு? அவ கண்ணோட வெள்ளையைத்தாம்மா."