விடுபட்ட வரி

வாவியின் அக்கரையில் செல் விழுந்து வெடிக்கும்போதெல்லாம் நிவாரண அலுவலகத்தின் யன்னல் கண்ணாடி கிடுகிடுக்கிறது. தவமலர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்று கிளைகளின் இணைய ரவுட்டர்களுக்குள்ளும் இங்கிருந்தே டெல்நெட் வழியே தானாக நுழையும் நிரலை எழுதியவள் அவள்தான். ஏறாவூர் ரவுட்டர் பெயரைக் கேட்கும், ஓட்டமாவடி கடவுச்சொல்லை மட்டும் கேட்கும்; எது எதைக் கேட்டாலும் அதற்குரிய பதிலை நிரலே கொடுத்துவிடும். நேற்று மின்சாரம் போய் வந்தபின் வெல்லாவெளி ரவுட்டர் மட்டும் ‘பழைய அமைப்பிலேயே தொடரவா?’ என்று புதிதாக ஒன்றைக் கேட்டது. நிரலிடம் அதற்குப் பதில் இல்லை. அது கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அனுப்ப, ரவுட்டர் கதவைச் சாத்திக்கொண்டது. நேரில் போய்த் திறந்துவிட அவள் கணவன் வினாயகமூர்த்தி இன்று காலையில் படகுத்துறை கடந்து அக்கரைக்குப் போனான். மத்தியானம் ரவுட்டர் உயிர்பெற்றது. அதன்பிறகுதான் செல்லடி தொடங்கியது. அலுவலகச் சாரதி மஜீட் படியேறி வருகிறார். சாரத்தின் விளிம்பில் வாவிச் சேறு. “துறைய மூடிட்டாங்க தங்கச்சி. இனி ஒருத்தரயும் விடமாட்டாங்களாம்.” திரையில் வெல்லாவெளியின் பச்சை எழுத்துகளைக் கண்டதும் அவர் முகம் தெளிகிறது. “இந்தா, பதில் சொல்லுதே! அப்ப தம்பி அங்கதானே இரிக்கான்?” “ஆள் இல்லாட்டியும் அது சொல்லும், மஜீட் நானா.” சாய்ந்த வெயில் நீரில் பட்டுத் தெறித்து விசைப்பலகைமேல் நடுங்குகிறது. அந்த வெளிச்சத்தில் தவமலர் நேற்றைய கேள்வியை நிரலில் சேர்த்து, அதன் பக்கத்தில் ‘ஆம்’ என்று எழுதுகிறாள். இனி அதைக் கேட்டால் பதில் சொல்ல வெல்லாவெளிக்கு யாரும் போக வேண்டியதில்லை.