மூன்று நாடு பார்த்த சூட்கேஸ்

நான் மூன்று நாட்டு ரயில்களில் போய்வந்த சூட்கேஸ். சக்கரம் நான்கில் இப்போது மூன்றுதான் இருக்கிறது. நம்மூர் ரயிலில் ஏறியதும் என் உரிமையாளர் சிங்காரவேலு, பிளாட்பாரத்தில் வாங்கிய புதுச் சங்கிலியால் என்னை இருக்கைக்கு அடியில் கட்டிப் பூட்டினார். எனக்கு மானம் போயிற்று.

"ஜப்பான் ரயில்ல அஞ்சு மணி நேரம் தனியா நின்னேன், ஒருத்தர் தொடலை. சுவிட்சர்லாந்துல மூணு மணி நேரம், அங்கேயும் தொடலை. இங்க பாரு, மாட்டைக் கட்டுற மாதிரி கட்டுறாங்க" என்று சங்கிலியிடம் சொன்னேன்.

"அதுக்கு அந்த ஊர்க்காரங்க குணம்தான் காரணமா? உங்க லட்சணமாக்கூட இருக்கலாமே அண்ணே" என்றது சங்கிலி.

"ஒரு திருடன் வரட்டும். அப்பத் தெரியும் என் மதிப்பு."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சிங்காரவேலு குறட்டை விட்டார். இருக்கைக்கு அடியில் ஒரு கை வந்தது. என்னை இரண்டு முறை தட்டிப் பார்த்தது. சக்கரங்களைத் தடவி, மூன்றாவதோடு நின்றது. பிறகு பூட்டை நெம்பித் திறந்து, பூட்டையும் சங்கிலியையும் மட்டும் எடுத்துக்கொண்டது.

"வரட்டுமா அண்ணே?" என்றது சங்கிலி.

சிங்காரவேலு விழித்துக் குனிந்து பார்த்தார். "அடடா, புதுச் சங்கிலி போச்சே!" என்று பதறி, என்னைக் காலால் ஒதுக்கிவிட்டு எனக்குப் பின்னால் தேடினார்.