பச்சை நூற்றுப் பத்தொன்பது

மனதில் பட்டதைச் சொல்ல, அந்த மென்பொருள் மாநாட்டில் விலை ஒரு காபி கூப்பன். உரை பிடித்தால் பச்சை அட்டை, பிடிக்காவிட்டால் சிவப்பு; பின்பக்கம் கருத்தை எழுதிக் கொடுப்பவருக்குக் கூப்பன்.

"சார், நூத்தி இருபதுல ஒண்ணே ஒண்ணுதான் சிவப்பு!" என்றாள் அட்டைகளை எண்ணிய ஒருங்கிணைப்பாளர்.

ஆம்புலன்ஸை அனுப்பும் செயலியில் வந்த பிழையை ஒரே மணி நேரத்தில் திருத்திய கதையைப் பேசியிருந்தவர் சிரித்தார். "இருக்கட்டும்மா, கண்ணு படாம இருக்கும். என்னவாம் அந்த மகராசனுக்கு?"

அவள் அட்டையைத் திருப்பினாள். குரல் இறங்கியது.

"'ஒரே ஒரு கேஸ்தான் தவறிப்போச்சுன்னு சொன்னீங்க. அது என் பொண்ணு.'"

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "கூப்பன் வாங்க வந்தப்ப முகத்தைப் பார்த்தியா?"

அவள் மிச்சமிருந்த கூப்பன் கட்டை எண்ணினாள். வந்த அட்டை நூற்றிருபது. கொடுத்த கூப்பன் நூற்றுப் பத்தொன்பது.