கழுவாத கை

சமையல்மேடையில் உப்பு ஜாடிமேல் சாய்ந்திருக்கும் செல்போனுக்குள் டாக்டரம்மா காத்திருக்கிறார். ஏழு மாத வயிற்றை மேடை விளிம்பில் முட்டக் கொடுத்தபடி, ஜன்னல் வெயிலில் விரலை நீட்டி, ஊசி குத்தி, ரத்தத் துளியைச் சர்க்கரை பார்க்கும் கருவியின் பட்டையில் ஒற்றுகிறாள் வினோலியா. கருவி கீச்சிடுகிறது. வெறும் வயிற்றில் நூற்றுத் தொண்ணூறு. "என்னம்மா சாப்பிட்டீங்க? இப்படியே போனா இன்சுலின்தான் போடணும்." "மாதா மேல சத்தியமா ஒண்ணும் சாப்பிடலைங்க டாக்டர். வீட்டுக்காரருக்கு டிபன்ல வைக்க மாம்பழம் அறுத்தேன். ஒரு துண்டு வாயில வைக்கலைங்க." டாக்டரம்மா சிரித்துவிடுகிறார். "விரல்ல ஒட்டுன சாறையும் சேர்த்துக் காட்டுதும்மா. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வேற விரல்ல குத்துங்க." குழாயைத் திறக்கப் போன கை மூக்கருகே வந்து நிற்கிறது. நடுசாலை மாம்பழத்தின் வாசம். மே மாதம் முழுக்க அப்பாவின் சட்டையில் இருந்த வாசம். மாம்பழ மண்டியிலிருந்து வந்ததும் அவளுக்கென்று ஒரு பழம் அறுப்பார். கதுப்பு, கொட்டை எல்லாவற்றையும் அவளுக்கே கொடுத்துவிட்டு, தன் கையை மட்டும் வெகுநேரம் முகர்ந்துகொண்டிருப்பார். அவருக்கும் சர்க்கரை. "என்னம்மா, கழுவியாச்சா?" என்கிறது செல்போன். "கழுவிட்டே இருக்கேங்க டாக்டர்" என்கிறாள் வினோலியா. குழாய் மூடியே இருக்கிறது.