கேட்டதைவிட உசத்தி

பாலத்தின் மூன்றாவது தூணில், தண்ணீருக்கு அடியில், விரல் நுழையும் அளவுக்கு விரிசல். முக்குளிப்பவர் எழுதிக் கொடுத்தும், "படம் எங்கே?" என்று மேலதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்காகத்தான் தண்ணீர் புகாத சின்னக் கேமரா ஒன்றைக் கேட்டிருந்தார். பாலத்தைக் கட்டிப் பேர் வாங்கிய பொறியாளரோ, புத்தம்புது டி.எஸ்.எல்.ஆர். கேமராவை மேசைமேல் வைத்தார்.

"நீங்க கேட்டதைவிட உசத்தி!"

"சார், ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலே இது போச்சு. கடையில மாத்திக்கலாமா?"

"வேணாம். கரையில நின்னு எடுங்க, போதும்."

முக்குளிப்பவர் கேமராவை அவர் பக்கமே நகர்த்தினார்.

"விரிசல் தெரியாதே சார். எம் பொண்ணோட ஸ்கூல் பஸ் தினமும் அந்தப் பாலத்து மேலதான் போகுது."

பொறியாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"எம் பொண்ணும் அதுலதான் போயிட்டிருந்தா. போன மாசமே இந்தக் கரை ஸ்கூலுக்கு மாத்திட்டேன். நீங்களும் மாத்திடுங்க."